தஞ்சாவூர் அரண்மனையும் அதன் சங்கீதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் பெரிய கோயிலை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அரண்மனைக்குத்தான் கூட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. சுற்றிக் காட்டும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கட்டடத்தைவிடப் பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். எனக்கு அதில்தான் ருசி.

இது ராஜராஜ சோழன் வாழ்ந்த அரண்மனையா?

இல்லை. வாசலில் நிற்கும்போதே வரும் முதல் கேள்வி இதுதான். சோழர் அரண்மனை எப்போதோ அழிந்துவிட்டது. இப்போது நாம் பார்ப்பது தஞ்சை நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. சேவப்ப நாயக்கர் அந்த வம்சத்தின் முதல் அரசர். பின்னால் 1676 முதல் 1855 வரை மராட்டிய போன்ஸ்லே அரசர்கள் இங்கேயே இருந்து, இடித்தும் சேர்த்தும் மாற்றியும் கட்டினார்கள். அதனால்தான் ஒரே வளாகத்தில் கோயில் கோபுரம் போல ஒன்று, கண்காணிப்புக் கோபுரம் போல ஒன்று, வளைவு வளைவாகத் தர்பார் மண்டபம் ஒன்று என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. ஒரே ஆள் போட்ட திட்டம் இல்லை; முந்நூறு வருஷக் குடித்தனம்.

பாட்டுக் கேட்பதற்கென்று தனி இடம் இருந்ததா?

இருந்தது. சங்கீத மகால் என்று அதற்குப் பெயர். பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் கட்டிய கூடம். ஒலி அமைப்புக்குப் பேர் போனது. ஒலிபெருக்கி இல்லாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வீணையின் சத்தம் எவ்வளவு சின்னது என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். பத்தடி தள்ளிப் போனாலே கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதன்) வால் பகுதி காற்றில் கரைந்துவிடும். அந்த வாத்தியத்தை ராஜாவும் கேட்க வேண்டும், ஓரத்தில் நிற்பவரும் கேட்க வேண்டும் என்றால், அதற்குச் சுவரும் கூரையும்தான் உதவ வேண்டும்.

ஆனால் பாட்டு அந்தக் கூடத்தில் மட்டும் நடந்ததாக நினைத்துவிடக் கூடாது. தர்பார், அந்தப்புரம், பூஜை அறை, ஊர்வலம், வாசல் நகரா என்று அரண்மனையில் நாள் முழுக்க எங்கேயாவது ஏதாவது ஒலித்துக்கொண்டிருக்கும். கச்சேரி என்பது அதில் ஒரு பகுதிதான்.

நாயக்கர் காலத்தில் சங்கீதத்துக்கு அப்படி என்ன நடந்தது?

அடித்தளமே அப்போதுதான் போடப்பட்டது என்பேன். 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் வீணை வாசிப்பவர், கவிஞர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கடை போட 1620இல் ஒப்பந்தம் செய்துகொடுத்தவரும் இவர்தான். அவர் பெயரில் வழங்கும் சமஸ்கிருத இசை நூல் சங்கீத சுதா. அதை உண்மையில் எழுதியவர் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் என்று அவருடைய மகன் வேங்கடமகி தம் நூலிலேயே சொல்லிவிட்டார். அப்பா எழுதியதை ராஜா பேரில் விட மகனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது!

ரகுநாதர் சபையில் பெண்களும் சரிசமமாக இருந்தார்கள். ராமபத்ராம்பா என்ற கவிஞர் அவர்மேல் ‘ரகுநாதாப்யுதயம்’ என்று ஒரு சமஸ்கிருத காவியமே பாடியிருக்கிறார். பல மொழிகளில் நின்ற இடத்தில் கவிதை கட்டும் பெண்களையும், வீணை வாசிக்கும் பெண்களையும் அதில் வர்ணிக்கிறார். மதுரவாணி என்ற இன்னொரு கவிஞரும் அங்கே இருந்தார். இந்தப் பெயர்களை நம் பள்ளிப் புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

72 மேளகர்த்தா இந்த அரண்மனையில் பிறந்ததா?

ஆமாம். மேளகர்த்தா அல்லது மேளம் என்றால் மற்ற ராகங்களுக்கு மூலமான தாய் ராகம். ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர் காலத்தில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யை எழுதினார். ஏழு ஸ்வரங்களும் அவற்றின் வேறுபாடுகளும் எத்தனை விதமாகச் சேர முடியும் என்று கணக்குப் போட்டு, 72 என்று முடித்தார். இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ சிவபெருமானாலும் முடியாது என்கிற தொனியில் சவால் வேறு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர் காலத்தில் உண்மையிலேயே புழக்கத்தில் இருந்த மேளங்கள் வெறும் 19. அதை அவரே சொல்கிறார். அதாவது மீதி 53 பெட்டிகள் காலி. யாரும் பாடாத ராகத்துக்குப் பெட்டி செய்து, நம்பர் ஒட்டி, அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். நூறு, நூற்றைம்பது வருஷம் கழித்து வந்தவர்கள் ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். இன்றைக்குப் பாட்டு வகுப்புக் குழந்தைகள் ஒப்பிக்கும் மேளகர்த்தா பெயர்கள் அப்படியே அவர் வைத்தவை அல்ல. பெயர்கள் பின்னால் வந்தவை. கணக்கு அவருடையது.

தஞ்சாவூர் வீணைக்கும் அரண்மனைக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய வீணையின் வடிவத்துக்கு ரகுநாத நாயக்கரைக் காரணம் காட்டுவது மரபு. ‘ரகுநாத மேளம்’ என்றே ஒரு மெட்டு அமைப்புக்குப் பெயர் உண்டு. இங்கே மெட்டு என்பது பாட்டின் மெட்டு இல்லை; தந்தியை அழுத்தி வாசிக்கத் தண்டியில் பதிக்கும் உலோகக் கட்டை. முன்பு வாசிக்கும் ராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை இடம் மாற்றி வைக்க வேண்டிய வீணைகளும் இருந்தன. எல்லா ராகத்துக்கும் பொதுவாக மெட்டுகளை நிலையாகப் பதித்துவிட்டால் அந்த வேலை மிச்சம். ஒரு ராகம் முடிந்ததும் அடுத்ததற்குத் தாவலாம்.

வீணை செய்யும் பட்டறையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பலா மரத்தைக் குடைந்த குடம், தண்டி, முனையில் யாளி முகம், இடது பக்கம் சுரைக்காய். வாசிக்கும் தந்தி நான்கு, தாளத்துக்கு மூன்று. இதெல்லாம் மர வேலை. கடைசியில் மெழுகை இளக்கித் தண்டியின் இரு ஓரமும் கரை போலக் கட்டி, அதன்மேல் 24 மெட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதிப்பார்கள். அப்போது பட்டறையில் பேச்சே இருக்காது. மீட்டிப் பார்ப்பார், ஒரு நூலளவு நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். கண்ணால் செய்யும் வேலை முடிந்து காதால் செய்யும் வேலை தொடங்கும் இடம் அது. மெழுகு இறுகிவிட்டால் மாற்றுவது சிரமம். முழு வீணையையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

க்ஷேத்ரய்யா இங்கே வந்தாரா?

வந்தார். தெலுங்கில் பதம், அதாவது காதல் பாட்டு, எழுதிய பெரிய கவிஞர் அவர். தன்னுடைய ஒரு பதத்திலேயே, மதுரை திருமலை நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கர், கோல்கொண்டா சுல்தான் ஆகியோர் சபைகளில் பாடியதைக் கணக்கோடு சொல்கிறார். விஜயராகவருக்கு ஆயிரம் பதம் என்பது அவர் கணக்கு. நமக்குக் கிடைத்திருப்பது அதில் கொஞ்சம்தான்.

விஜயராகவரின் முடிவு பரிதாபமானது. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை வந்தபோது போரில் இறந்தார். அத்தோடு தஞ்சை நாயக்கர் வம்சம் சரிந்தது. மூன்று வருஷத்துக்குள் சத்ரபதி சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ்நாட்டு அரண்மனையில் ஏன் எல்லாம் தெலுங்கில் பாடினார்கள்?

இந்தக் கேள்வியைச் சிலர் கோபமாகவே கேட்பார்கள். நாயக்கர்களின் வீட்டு மொழி தெலுங்கு. அவர்கள் சபையில் தெலுங்குதான் இலக்கிய மொழி, பாட்டு மொழி. பின்னால் வந்த மராட்டியர்கள் அதை மாற்றவில்லை. நூறு வருஷமாக ஒரு மொழியில் பழகிய வித்வான்களை வைத்துக்கொண்டு அதை மாற்ற வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

ஆனால் ‘எல்லாம்’ என்பது சரியில்லை. 1684 முதல் 1712 வரை ஆண்ட ஷாஹஜி தெலுங்கில் ‘பல்லக்கி சேவா பிரபந்தம்’ எழுதினார், மராத்தியிலும் பதம் எழுதினார். பாட்டுடைத் தலைவரோ திருவாரூர்த் தியாகேசர். இரண்டாம் சரபோஜிமேல் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ முழுக்கத் தமிழ். பெரிய கோயில் திருவிழாவில் ஆடப்பட்டு வந்தது. ராஜா மராத்தி, பாட்டு தெலுங்கு, சாஸ்திரம் சமஸ்கிருதம், குறத்தி பேசுவது தமிழ். அன்றைக்குத் தஞ்சாவூரில் காதுள்ள ஒருவருக்கு நான்கு மொழியும் ஓரளவு புரிந்திருக்கும்.

மராட்டிய அரசர்கள் சும்மா பணம் கொடுத்தவர்களா, விஷயம் தெரிந்தவர்களா?

தெரிந்தவர்கள். முதலாம் துளஜா (1728 முதல் 1736) ‘சங்கீத சாராம்ருதம்’ என்று இலக்கண நூல் எழுதினார். எந்த ராகத்தில் எந்தப் பிடி வரும் என்று பிரயோகங்களோடு காட்டியிருப்பதால் இன்றைய ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய துணை. பின்னால் ஆண்ட பிரதாபசிம்மன் காலத்தில் பச்சிமிரியம் ஆதியப்பையா இருந்தார். பைரவி அட தாள வர்ணம் ‘விரிபோணி’ தெரியும் இல்லையா, அதை இயற்றியவர். அரண்மனை வித்வானாக இருந்தும் அந்த வர்ணத்தில் அவர் அழைப்பது மன்னார்குடி ராஜகோபாலனைத்தான், ராஜாவை இல்லை. சியாமா சாஸ்திரி இவரிடம் பாடம் கேட்டவர்.

சரபோஜிக்கு நாடே இல்லையே, அவர் எப்படி இவ்வளவு செய்தார்?

நாடு இல்லாததால்தான் செய்தார் என்பது என் கட்சி.

இரண்டாம் சரபோஜி 1798இல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம். நிர்வாகம், படை, வரி எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அவருக்கு மிஞ்சியது கோட்டை, அரண்மனை, வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன் (அந்தக் காலத் தங்க நாணயம்), நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சண்டை போட வேண்டாம், வரி வசூலிக்க வேண்டாம், பக்கத்து ராஜாவுக்குப் பயப்பட வேண்டாம். கையில் காசு இருக்கிறது, படிப்பு இருக்கிறது (ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்தவர்), நாள் முழுக்க நேரம் இருக்கிறது. அந்த மனிதர் புத்தகம் வாங்கினார், வைத்தியம் ஆராய்ந்தார், பாட்டுக்காரர்களைச் சேர்த்தார். கர்நாடக சங்கீதத்தின் பொற்காலம் என்று நாம் சொல்லும் காலமும், தஞ்சாவூர் ராஜா அதிகாரம் இழந்து உட்கார்ந்திருந்த காலமும் ஒன்றுதான்.

அவர் மராத்தியில் எழுதிய நாட்டிய உருப்படிகள் ‘கோர்வை’ என்ற பெயரில் அரண்மனை நூலகமான சரஸ்வதி மகாலில் கிடைத்தன. அலாரு, சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆடும் வரிசை அதில் இருக்கிறது. இன்றைய அரங்கேற்ற அழைப்பிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொந்தக்காரர்கள் என்று தெரிந்துவிடும்.

அரண்மனையில் இங்கிலீஷ் பேண்ட் இருந்தது என்கிறார்களே?

இருந்தது. சரபோஜி ஐரோப்பிய வாத்தியங்களையும் இசைக் குறிப்புகளையும் வரவழைத்து ஒரு பேண்ட் குழுவை வைத்திருந்தார். சதிர் என்ற அந்நாளைய நாட்டியக் கச்சேரியில், அதாவது சின்ன மேளத்தில், முகவீணை வாசித்த இடத்தில் பிற்பாடு கிளாரினெட் வந்து உட்கார்ந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டிய நோட்டுஸ்வரமும் இங்கேதான் பிறந்தது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டது சென்னைப் பக்கம், மணலியில் இருந்த காலத்தில், கோட்டை பேண்ட் மூலமாக.

மும்மூர்த்திகள் (தியாகராஜர், சியாமா சாஸ்திரி, முத்துசுவாமி தீட்சிதர்) அரண்மனை வித்வான்களா?

மூவரும் இல்லை. ஆனால் மூவரும் அரண்மனைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

தியாகராஜர் சபைக்கு வர மறுத்து ‘நிதி சால சுகமா’ (செல்வம் சுகம் தருமா?) பாடியதும், அண்ணன் கோபத்தில் ராமர் விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கர்ண பரம்பரையாக வருவது. எவ்வளவு நடந்ததோ, பாட்டு நிற்கிறது. அவருடைய குரு சொண்டி வேங்கடரமணய்யா யார்? அரண்மனை வித்வான். தாத்தா கிரிராஜ கவி அரண்மனைக் கவிஞர். திருவையாற்று வீடே ராஜா கொடுத்தது என்றுதான் சொல்வார்கள். சியாமா சாஸ்திரி சம்பளம் வாங்கவில்லை. தஞ்சாவூர் மேல ராஜ வீதி பங்காரு காமாட்சி கோயில் அர்ச்சகர். அந்தக் கோயில் எழுந்ததே அரச ஆதரவில். தீட்சிதர் தஞ்சாவூரில் தங்கி அரண்மனைக் கலைஞர்களுக்குப் பாடம் சொன்னார். கடைசிக் காலம் எட்டயபுரத்தில், 1835 தீபாவளியன்று முடிந்தது.

ராஜா ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் அவரிடம் பத்துப் பேர் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பத்தில் ஒருவர் ‘எனக்கு உன் காசு வேண்டாம்’ என்கிறார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு வித்தை வந்ததற்கு அந்தச் சம்பளம்தான் மூலதனம். நாம் மறுத்தவர்களை நினைவில் வைத்திருக்கிறோம். வாங்கிக்கொண்டு வேலை பார்த்தவர்கள், மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய அரண்மனைக் கணக்குக் கட்டுகளுக்குள் கிடக்கிறார்கள்.

தஞ்சை நால்வர் என்பவர்கள் யார்?

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 1802 முதல் 1810க்குள் பிறந்த நான்கு சகோதரர்கள். நட்டுவனார், அதாவது நாட்டிய ஆசான், குடும்பம்; கோயிலுக்கும் அரண்மனைக்கும் சேவகம். தீட்சிதரிடம் பாட்டுக் கற்றவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று இன்று நாம் பரதநாட்டியத்தில் பார்க்கும் கச்சேரி மார்க்கத்தை, அதாவது ஆடும் வரிசையை, ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்கள்தான். சென்னையிலோ டொரன்டோவிலோ ஒரு பெண் மேடையில் பைரவி ‘மோகமான’ வர்ணத்துக்கு ஆடினால், அது மேல ராஜ வீதி வீட்டுச் சொத்து.

வடிவேலு திருவனந்தபுரம் போய் சுவாதித் திருநாள் சபையில் சேர்ந்தார். 1834இல் ராஜா அவருக்குத் தந்தத்தில் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வயலினை நம் கச்சேரிக்குப் பழக்கியதில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரோடு இவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சின்னையா மைசூர் போனார். குடும்பத்தின் பிற்காலத் தலைமுறைதான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் கிட்டப்பா பிள்ளையும்.

ஆடியவர்கள், பாடியவர்கள் யார்? அவர்கள் பெயர் ஏன் தெரிவதில்லை?

எழுதினவர் பெயர் ஏட்டில் நிற்கும், ஆடினவர் பெயர் நிற்காது. ஆனாலும் ஒரு வரிசை மட்டும் பிழைத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பாப்பம்மாள் என்பவர் இந்த அரண்மனையில் ஆடியும் பாடியும் வந்தார். அவர் வழியில் வந்த காமாட்சி அம்மாளும் அரண்மனையில் ஆடியவர். அவருடைய பேத்தி வீணை தனம்மாள். தனம்மாளின் பேத்தி நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. ஏழு தலைமுறை, எல்லாம் தாய்வழி. ராஜ வம்சங்களுக்குத்தான் இப்படிப் பட்டியல் போடுவார்கள்.

1855க்குப் பிறகு என்ன ஆயிற்று?

கடைசி ராஜா இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855 அக்டோபரில் இறந்தார். கம்பெனி வாரிசு இல்லை என்று சொல்லிப் பட்டத்தை ஒழித்தது. அதோடு நிற்காமல் அரண்மனைச் சொத்துக்கும் முத்திரை வைத்தது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல், இது அரசாங்கச் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று கைவிரித்தது. தனிச் சொத்து பின்னால் ராணிகளுக்குத் திரும்பி வந்தது. சபை திரும்பி வரவில்லை.

வித்வான்கள் மைசூர், திருவனந்தபுரம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சென்னை என்று கலைந்தார்கள். பரோடா சாயாஜிராவ் 1880இல் தஞ்சாவூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது சீரோடு சீராகக் கௌரா, காந்திமதி என்ற இரண்டு நாட்டியக்காரர்களும் நட்டுவனார்களும் பரோடா போனார்கள். குஜராத்தில் தஞ்சாவூர் நாட்டியம் போன வழி அது.

ஊரில் மிச்சமிருந்ததும் சும்மா இருக்கவில்லை. மராத்திக் கீர்த்தன மரபைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் (1841 முதல் 1903) அதைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றி, பாட்டோடு கதை சொல்லும் கதாகாலட்சேபத்துக்குப் புது உருக் கொடுத்தார். ராஜா போன பிறகு அரண்மனைச் சங்கீதம் கல்யாண வீட்டுப் பந்தலுக்கு வந்த கதை இது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

தர்பார் மண்டபம், 1951இல் தொடங்கிய கலைக்கூடத்தின் சோழர் செப்புத் திருமேனிகள், ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சரபோஜியின் பளிங்குச் சிலை, சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். இதற்கே அரை நாள் ஓடிவிடும். சங்கீத மகாலை விட்டுவிடாதீர்கள். கூட்டம் குறைவாக இருந்தால் நடுவில் நின்று ஒரு ‘ஸ’ பிடித்துப் பாருங்கள். பாடத் தெரியாவிட்டால் கை தட்டினாலும் போதும்.

அப்புறம் வெளியே வந்து மேல ராஜ வீதியில் நடந்தால் பங்காரு காமாட்சி கோயில் வரும். நால்வர் வீடும் அதே வீதிதான். நேரம் மிச்சமிருந்தால் ஒரு வீணைப் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள். மெட்டு பதிக்கும் நாளாக இருந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் கடைசி மெட்டை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது கேட்டால், பதில் சொல்வார்.